கரப்பானே இல்லாத வீடு

என் ஓரகத்திக்குக் காலில் சக்கரம். கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் கீழ் வீடு, நான் மேல் வீடு. கை கழுவப் போனால் முதலில் குழாய்க்குச் சோப்புப் போடுவாள், அப்புறம்தான் கைக்கு. துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பாள்.

"உங்க வீட்டுக்காரர் லாரியில ஊரூரா சுத்துறாரு. நீங்க வீட்டுக்குள்ளயே அத்தனை தூரம் சுத்துறீங்க" என்பேன்.

"உனக்கென்ன, தூசி மேலயே பாய் விரிச்சுத் தூங்குற ஆளு" என்பாள். பொய்யில்லை, தூங்குவேன்தான்.

மகன் படிக்க விடுதிக்குப் போனதும் வெறும் வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதலில் வந்தவன் சுருட்டை. தலைமுடியைப் பார்த்து வைத்த பேர். அவன் அம்மா பேங்கில் வேலை பார்க்கிறாள். அவள் வாய்வழி கேள்விப்பட்டுத்தான் மற்ற மூன்று பிள்ளைகளும் வந்தன. அவள் நின்றால் மூன்றும் நின்றுவிடும்.

அந்த பேங்க்காரி ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் பண்ணினாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராக ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். பிள்ளையின் பைக்குள் போட்டிருந்த பர்ஸை எடுக்க அதைத் திறந்தால், உள்ளேயிருந்து ஒரு கரப்பான் மேஜைமேல் ஏறி ஊர்வலம் போயிருக்கிறது. அத்தனை பேர் முன்னால்.

"திங்கக்கிழமை வர்றேன். வீட்டை நல்லாப் பார்த்துட்டுத்தான் பிள்ளையை விடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்கா முகம் சுண்டிப்போயிற்று. நான்தான் பூச்சி மருந்து வைக்கிறவர்களுக்குப் போன் போட்டேன். மறுநாளே வருகிறோம் என்றார்கள். போனை எடுத்த பெண் மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். சமையலறை அலமாரிகளைக் காலி செய்யுங்கள், ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள், சாப்பாட்டுச் சாமான்களை மூடி வையுங்கள், பிள்ளைகள் இருக்கக் கூடாது. கடைசியாக, "நீங்களா ஸ்ப்ரே எதுவும் அடிச்சிடாதீங்க, நாங்க வைக்கிற மருந்து வேலை செய்யாது" என்றாள். போனைச் சத்தமாக வைத்திருந்தேன். அக்கா பக்கத்திலேயே நின்று தலையாட்டினாள்.

மருந்துக்காரர் காலையில் வந்தார். தோளில் ஒரு பெட்டி, கையில் டார்ச். நான் பின்னாலேயே நுழைந்தேன். வீடு கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் மூச்சு விட முடியவில்லை. அவர் மூக்கைச் சுருக்கினார்.

"ஸ்ப்ரே அடிச்சீங்களாம்மா?"

"இல்லையே. அது பினாயில்" என்றாள் அக்கா.

அவர் கழுவுதொட்டிக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்தார். ஒன்றுமில்லை. அடுப்பை நகர்த்தினார். ஒன்றுமில்லை.

"கரப்பான் எந்தப் பக்கம் அதிகம்?"

"எங்க வீட்டுல கரப்பானே கிடையாது."

"அப்புறம் என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

"சும்மா. முன்னெச்சரிக்கைக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பைக்கூடையைக் காலால் இழுத்தேன். மேலேயே இரண்டு காலி ஸ்ப்ரே டப்பா.

"இதென்ன அக்கா, பினாயில் இப்பல்லாம் டப்பாவுலயா வருது?"

"வர்ற மனுஷன் முன்னாடி அதுங்க ஓடினா என்ன நினைப்பாரு? மானம் போகாதா?" என்று என்னிடம் பல்லைக் கடித்தாள்.

"டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி காய்ச்சலைத் துடைச்சிட்டுப் போவீங்களா?"

மருந்துக்காரருக்கு எங்கள் சண்டையில் அக்கறையில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். "ஸ்ப்ரே அடிச்ச இடத்துல பசை மருந்து வச்சா அதுங்க கிட்டவே வராது. மிச்சமிருக்கிறது வேற ரூமுக்கு ஓடியிருக்கும். வைக்கச் சொன்னா வச்சுட்டுப் போறேன். பலிக்கலன்னா என்னைக் கேக்கக்கூடாது."

"வைங்க" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் பெட்டியைத் திறக்கும்போதே கூடத்துச் சுவரிலிருந்து ஒரு கரப்பான் இறங்கி வந்தது. ஓடவில்லை. குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு பிள்ளைகளின் பொம்மைக் கூடைப் பக்கம் போயிற்று. மூன்று பேரும் பார்த்தோம்.

"அது பக்கத்து வீட்டுது" என்றாள் அக்கா.

"பேர் எழுதி ஒட்டியிருக்கா?"

மருந்துக்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கரப்பான் கூடைக்குள் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று நடந்து போய்க் கூடையைக் கவிழ்த்தாள்.

"இங்க வாங்க" என்று அவரைக் கூப்பிட்டாள். "ஸ்விட்ச் போர்டு பின்னாடி ஒரு கூட்டம். கதவுக் கீல்ல குஞ்சுங்க. பிள்ளைங்க மெத்தை வைக்கிற இழுப்பறை, அந்த மூலை. ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம்தான் ரொம்ப. இங்கெல்லாம் நான் ஸ்ப்ரே அடிக்கல, டப்பா தீர்ந்துபோச்சு."

மாதக்கணக்காக ஒருத்தியாகவே மல்லுக்கட்டியிருக்கிறாள். மேலே இருக்கிற எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ சுத்தப் பைத்தியம் என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் காட்டின இடத்திலெல்லாம் அவர் ஊசிக்குழல் மாதிரி ஒன்றால் இடுக்குக்குள் கடுகளவு பசை வைத்தார். ஸ்ப்ரே பட்ட அலமாரிகளைச் சோப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னார், அங்கே அடுத்த முறை வந்து வைப்பதாகச் சொன்னார். "வச்ச பசையைத் துடைச்சிடாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வர்றேன். அதுவரைக்கும் பகல்லயே வெளியில வந்து சாகும். முன்னைவிட அதிகமாக் கண்ணுல படும், பயப்படாதீங்க."

"அதிகமாவா? திங்கக்கிழமை ஒருத்தங்க வராங்களே!"

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? அதுங்ககிட்ட நாள் குறிச்சுச் சாகச் சொல்ல முடியுமா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். துணியை எடுத்தாள், வைத்தாள். நான் என் மூளைக்கு எட்டியதைச் சொன்னேன்.

"ஊருக்குப் போறோம்னு சொல்லி ரெண்டு வாரம் பூட்டிருங்க அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"ரெண்டு வாரம் அவ எங்க விடுவா? வேற இடம் பார்த்துருவா. பார்த்தா திரும்ப வருவாளா?"

"அப்ப வழக்கம்போல பெருக்கித் தள்ளிட்டு வரச் சொல்லுங்க."

"சுருட்டை கண்டதையும் வாயில போடுறவன்டி. மருந்து தின்னு செத்தது ஒண்ணு தரையில கிடந்தா?"

அவளே போனை எடுத்தாள். எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்து, நடந்துகொண்டே பேசினாள்.

"நான்தான்மா. பிள்ளை பையில வந்தது எங்க வீட்டுதுதான். ரொம்ப நாளா இருக்கு, சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கு மருந்து வச்சிருக்கோம். ரெண்டு வாரம் பிள்ளையை இங்க கொண்டு வராதீங்க. நான் உங்க வீட்டுக்கு வந்து பார்த்துக்கறேன். மத்த மூணும் அங்கயே வரட்டும், உங்களுக்குச் சம்மதம்னா."

சொல்லி முடித்துத்தான் நடையை நிறுத்தினாள். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எல்லாம் ஒழிச்சாச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் பேங்க்காரி. "வேற இடம் விசாரிச்சு வச்சிருந்தேன். சரி, நீங்க வாங்க. மத்தவங்ககிட்ட நான் சொல்லவா?"

"வேணாம். நானே சொல்றேன்."

வரிசையாகக் கூப்பிட்டாள். இரண்டு பேர் முனகிக்கொண்டே சரி என்றார்கள். மூன்றாமவள் பாதியிலேயே வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா அங்கே போனாள், நான் இங்கே கரப்பான் சாவுக்குக் காவல் இருந்தேன். அள்ள அள்ள வந்தது. இரண்டாம் முறை மருந்து வைத்தபின் குறைந்து, நின்றும்போயிற்று. மூன்று பிள்ளைகள் திரும்ப வந்துவிட்டன. மூன்றாமவளின் பெண் வரவில்லை.

"விட்டுத் தள்ளுங்க அக்கா. போனா போகட்டும்" என்றேன்.

"எப்படி விடுறது? முதுகுல தட்டினா தூங்காது அது, உள்ளங்காலைத் தேய்க்கணும். புதுசா பார்க்கிறவங்களுக்கு அது தெரியாதே" என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணுக்கு மறுபடியும் அடித்தாள்.