நாய்க்குப் போன பாலாடைக்கட்டி

ரொஸால்பா கோபக்காரி. பீடத் துணி துவைப்பதிலிருந்து பங்குக் கோயில் சமையலறைச் சாவி வரை முப்பது வருஷமாக எல்லாம் அவள் கையில்தான். எரித்திரியாவிலிருந்து அகதியாக வந்த லெம்லெமும் அவள் மகள் ரூத்தாவும் தெற்கு இத்தாலியின் அந்தக் கலாபிரிய மலையூருக்கு வந்தபோது, சாப்பாட்டுப் பொறுப்பை டொன் ஜெரார்தோ சாமியார் ரொஸால்பாவிடமே விட்டார். மூன்று மாதம் பார்ப்பது; ஒத்துவந்தால் தங்க வைத்திருந்த பழைய கோயில் வீடு அவர்களுக்கே, இல்லையென்றால் மறுபடி கடற்கரை முகாம். பங்குப் பேரவை அப்படித்தான் முடிவு செய்திருந்தது.

ஊரே கட்டில், கம்பளி, அடுப்பு என்று கொண்டுவந்து குவித்தது. ரொஸால்பா தன் ஆடுகளைக் கறந்து, பாலாடைக்கட்டி காய்ச்சி, தினமும் சூட்டோடு கொண்டுபோனாள். முதல் மாதம் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்றோ, லெம்லெம் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்த ஆரம்பித்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை. கோயிலுக்குப் பின்னால் தெருநாய் ஒன்று வாயெல்லாம் வெள்ளையாக நின்றது. அது நக்கிக்கொண்டிருந்தது ரொஸால்பாவின் கிண்ணத்தை!

நேரே சாமியாரிடம் போனாள்.

"சாமி, இந்தாங்க சாவி. நாய்க்குச் சமைச்சுப் போட வேற ஆளப் பாருங்க."

"சனிக்கிழமை பேரவை கூடுது, ரொஸால்பா. எல்லாரும் உன்னைத்தான் கேப்பாங்க. உன் வாயில வர்றதுதான் முடிவு. யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு?"

பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு, லெம்லெமிடம் கொடுத்த பாத்திரங்களை வாங்கி வரப் போனாள். கதவு திறந்திருந்தது. தாயும் மகளும் வெறுங்காலோடு நின்று, நெற்றி தரையில் பட விழுந்து எழுந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் வெறும் பருப்பு.

"ஏம்மா, நான் செஞ்சது நாய்க்குத்தான் லாயக்கா?"

லெம்லெமுக்குப் பாஷை புரியவில்லை, கோபம் புரிந்தது. பள்ளியில் பாஷை கற்றிருந்த ரூத்தாதான் பதில் சொன்னாள்.

"இல்ல பெரியம்மா. எங்களுக்கு நோன்பு. அம்பத்தஞ்சு நாள். பால், முட்டை, கறி எதுவும் தொடக்கூடாது. எங்க சபைக்கு ஈஸ்டர் உங்களுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான்."

"அத வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"வேண்டாம்னா நீங்க கோவிச்சுக்குவீங்க, திருப்பி அனுப்பிடுவாங்கன்னு அம்மா பயந்துச்சு. குப்பையில போட்டா பாவம். அதான் நாய்க்கு..."

மத்தியானம்தான் ரொஸால்பா பொரித்த மீனை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பாத்திரங்களைத் தொடாமல் திரும்பினாள்.

சனிக்கிழமை பேரவையில் தபால்காரன் நிக்கொதேமோ எழுந்தான். "நம்ம சோறு எறங்காதவங்களுக்கு நம்ம வீடு எதுக்கு?"

"நீ உக்காருடா!" என்றாள் ரொஸால்பா. "தவக்கால வெள்ளிக்கிழமையில சலாமிக் கறி தின்னுட்டு, வாயக்கூடத் தொடைக்காம பூசைக்கு வந்தவன்தானே நீ? அவங்க அம்பது நாளா பருப்பத் தின்னு நோன்பு இருக்காங்க. நாம அவங்களப் பரீட்சை வைக்கிறோமாக்கும்! தப்பு என்னுது. ஒருநாளாவது கேட்டிருக்கணும். கேக்கல."

வீடு அவர்களுக்கே என்று அன்றே எழுதிக் கையெழுத்தானது.

மறுநாள் ஈஸ்டர். முழு முட்டைகளைப் பதித்துச் சுட்ட ரொட்டியை வீட்டுக்கு வீடு வெட்டினார்கள். ரொஸால்பா தன்னுடையதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். "அடியே, எனக்குமா நோன்பு?" என்று புருஷன் கொசிமோ அலறினான். "ஒரு வாரத்துல செத்துட மாட்டீங்க" என்றாள். அந்த வாரம் முழுக்கக் கோயில் வீட்டுக்கு அவித்த கொண்டைக்கடலைதான் போயிற்று.

அடுத்த ஞாயிறு லெம்லெமின் ஈஸ்டர். பங்கு மண்டபத்தில் அந்த ரொட்டியை வெட்டினார்கள், கல்லாக இறுகிப்போயிருந்தது. லெம்லெம் அதை ஒதுக்கிவிட்டுப் பாலாடைக்கட்டிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் போட்டதும் அழுதுவிட்டாள்.

"என்னவாம்?" என்றாள் ரொஸால்பா.

"தினமும் நாய்க்கு வைக்கும்போது அம்மா வாசனை பிடிச்சுட்டுத்தான் வைக்குமாம்" என்றாள் ரூத்தா.

ரொஸால்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். வாசலில் அந்த நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது.

"போடா, உன் பண்டிகை முடிஞ்சுபோச்சு" என்றாள்.