ஆறு மணிக்கு ஜன்னல் திறப்பவர்

என் தங்கை கட்டடம் கட்டுகிறவள் இல்லை. கட்டும் முன்பே அதில் வெயில் எங்கே விழும், காற்று எந்த வழியே போகும், அறை எவ்வளவு சூடாகும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்கிறவள். மற்றவர்கள் தனித்தனியாகப் போட்ட மூன்று கணக்குகளையும் ஒன்றாக இணைத்தவள் அவள்தான். எட்டாவதோடு நின்ற நான் இதைத் தப்பில்லாமல் எழுத அவளிடம் நான்கு முறை கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்கை நம்பி எழுந்த முதல் கட்டடம், வேலைக்குப் போகும் தனியாட்களுக்கான அறுபது அறை விடுதி. ஏசி வேண்டாம், மாலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் போதும் என்றது கணக்கு. ஆட்கள் குடிவந்த பிறகு அளந்தால், அறைகளில் மூன்று டிகிரி அதிகம்.

"கம்ப்யூட்டருக்கு வேர்க்காதும்மா, மனுஷனுக்குத்தான் வேர்க்கும்" என்றார் தலைமைப் பொறியாளர். பத்து நாளில் காரணம் சொல்லாவிட்டால் அடுத்த கட்டடத்துக்கு அவள் கணக்கே வேண்டாம் என்றுவிட்டார்.

எட்டாம் நாள், விடுப்புப் போட்டுவிட்டு அவள் கணக்கோடு மல்லுக்கட்டுவது தெரிந்து, மாலை ஐந்து மணிக்கு அவள் தனியாக இருக்கும் வாடகை அறைக்குப் போனேன். ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு தட்டு. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வெயிலில் பிழையில்லை, காற்றிலும் பிழையில்லை என்று எண்களைக் காட்டிக்கொண்டே இருந்தாள். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கப் போனேன். தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை.

"ஏண்டி, இதைக் கடைசியா எப்ப திறந்த?"

"திறந்ததே இல்லக்கா. வர்றதுக்கே எட்டு மணி ஆயிடுது. வந்ததும் படுக்கத்தானே போறேன்."

"அப்ப உன் கணக்குல ஆறு மணிக்கு வந்து திறக்கிறது யாரு? இன்னும் வராத உன் மாமியாரா?"

சிரிக்க வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நம்ம வீட்டை நினைச்சுப் போட்டுட்டேன்க்கா."

எங்கள் வீட்டில் ஏழு பேர். யாராவது ஒருவர் திறந்துவிடுவோம்.

ஆறரை மணிக்கு இருவரும் விடுதிக்கு எதிரே நின்று எண்ணினோம். அறுபதில் நான்கு ஜன்னல்கள்தான் திறந்திருந்தன. நான் இரண்டாம் முறையும் எண்ணினேன், நான்கேதான். திரும்பி வந்து, எட்டு மணி வரை அறையில் ஆள் இல்லை, ஜன்னல் மூடியே இருக்கிறது என்று கணக்கை மாற்றினாள். அதே மூன்று டிகிரி அதிகம் வந்தது. அவள் முகம் ஜெயித்த முகமாக இல்லை.

"எல்லாரும் என்னை மாதிரியேதான் இருக்காங்கக்கா" என்றாள்.

அடுத்த கட்டடத்துக்கும் அவள் கணக்குதான். அங்கே ஒவ்வொரு அறையிலும் கதவுக்கு மேலேயும் ஜன்னலுக்கு மேலேயும் மூடாத திறப்பு உண்டு. ஆள் இல்லாவிட்டாலும் காற்று போய் வரும்.