கிரேக்கக் கதையும் ஒரு கொள்ளியும்

கிறிஸ்தவ வேதபாடசாலையில் மேல்நாட்டு இலக்கியமும் தத்துவமும் நடத்துகிறவன் இரண்டு பக்கமும் பேச்சு வாங்கப் பிறந்தவன். படித்தவர்கள் ‘இலக்கியத்தில் மதத்தைக் கலக்கிறான்’ என்பார்கள். போதகர்கள் ‘மதத்தில் அஞ்ஞானத்தைக் கலக்கிறான்’ என்பார்கள். என்னைப் போல மாட்டிக்கொண்ட வாத்தியார்மார்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, மதுரைக்கு மேற்கே ஒரு சின்னப் பாடசாலையில், உபதேசியார் வேலைக்குப் படிப்பவர்களுக்கு அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

ராஜா உத்தரவு

ஒரு நாள் பழைய கிரேக்க நாடகக் கதை ஒன்று சொன்னேன். ராஜா தடுத்தும் கேட்காமல் ஒரு பெண் தன் சகோதரன் பிணத்தை அடக்கம் செய்கிறாள். அதற்காக உயிரையும் விடுகிறாள். கதை முடிந்ததும், “நம் விசுவாசத்தின்படி அவள் செய்தது சரியா?” என்று கேட்டுக் கை தூக்கச் சொல்வது என் வழக்கம். அன்று எல்லாக் கையும் மேலே போயிற்று. பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தலைமைப் போதகரும் கை தூக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தேவ கட்டளைக்கு முன்னால ராஜா கட்டளை எம்மாத்திரம்? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்.”

மொச்சை

என் மாணவன் ஞானமுத்து உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி மகன். வீட்டில் அவன் ஒருவன்தான் ஞானஸ்நானம் பெற்றவன். அவன் தாயார் எங்கள் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டாள். ஆனால் சந்தை நாளில் மகனுக்கு மொச்சை அவித்து எடுத்துக்கொண்டு வந்து, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்கு, சொந்த ஊரே விஷம் கொடுத்துக் கொன்ற ஒரு கிரேக்க ஞானியைப் பற்றிய பாடம். நம் ஆண்டவர் பாடுகளோடு அவர் சாவை ஒப்பிட்டு முழங்கித் தள்ளினேன். வெளியே வந்ததும் அந்தம்மாள் எழுந்து நின்று கேட்டாள்: “நல்ல மனுசனுக்கு வெசம் குடுத்தாகளே, அப்ப அவரு ஆத்தா உசுரோட இருந்தாளாய்யா?”

கொள்ளி

ஆடி மாதம் காய்ச்சலில் அந்தம்மாள் போய்விட்டாள். “எந்தச் சாமியக் கும்பிட்டாலும் நீதான்டா ஒத்த மகன்” என்று தாய்மாமன் வந்து கூப்பிட்டார். ஊழியத்துக்குப் படிக்கிறவன் கொள்ளி வைத்தால் பாடசாலையில் இடமில்லை என்பது எங்கள் விதி. அது தெரிந்தேதான் ஞானமுத்து போனான். மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான்.

அவனை நீக்குவதா என்று முடிவு செய்ய ஆசிரியர்கள் கூடினோம். நான் அந்தக் கிரேக்கப் பெண்ணை ஞாபகப்படுத்தினேன். நீக்க வேண்டாம் என்று தூக்கிய கை என்னுடையது ஒன்றுதான். தலைமைப் போதகர் வருத்தத்தோடுதான் சொன்னார்: “அது இலக்கியம், வாத்தியாரே. இது சபை.”

வழியனுப்பு

தகரப்பெட்டியோடு கிளம்பியவனுடன் ரோடு வரை நடந்தேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. அவன்தான் என்னைத் தேற்றினான். மனசு கேட்காமல், “அங்கே என்ன மந்திரமப்பா சொன்னாய்?” என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “எனக்கு என்னய்யா மந்திரம் தெரியும்? ஆத்தா தலமாட்டுல நின்னு நம்ம பரமண்டல ஜெபத்தத்தேன் சொன்னேன். சொந்தக்காரவுக ஒருத்தரும் தடுக்கலய்யா.”

மேல்நாட்டு இலக்கியத்தில் ஒரு சவுகரியம், அதில் செத்தவர்களெல்லாம் தூரத்து ஊர்க்காரர்கள்.