அப்பாவின் முதுகில் ஒட்டிய அழகி

பிளாஸ்திரியின் மேல்தாளை உரித்ததும் தாரும் கற்பூரமும் கலந்தாற்போல ஒரு நெடி வரும். பம்மல் தோல் கம்பெனியில் ஈரத்தோல் தூக்கித் தூக்கி அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும் நாளெல்லாம் எங்கள் வீடு முழுக்க அந்த நெடிதான். பொத்தல் பொத்தலான அந்தப் பிளாஸ்திரியை "பெல்லடோனா" என்றுதான் கடையில் கேட்போம். அம்மா அதை அடுப்பருகே காட்டி இளக்கி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டுவாள். தானாகக் கழன்று விழும்வரை பிய்க்கக் கூடாது என்பது எங்கள் தெருச் சட்டம்.

ஒருநாள் காலையில் ஒட்டி முடித்த கையோடு, அடுப்புப் புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மத்தியானம் ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தவளுக்கு ஊசிக் காது தெரியவில்லை. வலது கண் பாப்பா மட்டும் விரிந்து கரேலென்று நின்றது. அப்பா நடுங்கிப் போனார். தோலின் மயிர் உதிர்க்கும் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற ஆள் அல்லவா!

"என் துணியில இருந்த சுண்ணாம்புதான்டி உன் கண்ணைத் தின்னுடுச்சு. இனிமே அந்த வேலைக்குப் போவ மாட்டேன்" என்று அழுதார்.

தாம்பரத்தில் கண் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பாவிடமிருந்து வந்த நெடி அவருக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"பிளாஸ்திரி ஒட்டின கையாலயே கண்ணைத் தேய்ச்சியாம்மா?"

அம்மா தலையாட்டினாள். அவர் சிரித்துவிட்டார். பிளாஸ்திரியில் இருப்பது கண் பாப்பாவை விரிக்கிற ஒரு செடியின் சாறாம். இத்தாலி தேசத்துச் சீமாட்டிகள் கண் பெரிதாகத் தெரிய அதைச் சொட்டு விட்டுக்கொள்வார்களாம். அதனால்தான் பெல்லா டோனா, அழகான பெண் என்று பேர் வந்தது என்பார்களாம்.

"ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும், பயப்படாதீங்க."

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இன்னாடி, நான் வலில கெடக்குறேன், நீ சிங்காரிச்சுக்கினு கீறியா?"

"ஆமா, இத்தினி நாளா எவளோ அழகிய முதுகுல ஒட்டிக்கினு திரிஞ்சியே, நான் ஏதாவது கேட்டனா?"

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத எனக்கு, அந்தப் பேரை வைத்தவர்கள்மேல் இன்றைக்கும் மரியாதை. அந்த மருந்து என்ன செய்யும் என்பதை அதன் பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே! சொன்னபடியே கண் சரியானது. அப்பா வேலைக்குப் போனார்.

இன்று கடையில் அந்தப் பிளாஸ்திரி கேட்டால் ஸ்பிரே எடுத்து நீட்டுகிறார்கள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. போன மாதம் கண் சோதனைக்காகப் பாப்பா விரிய எனக்குச் சொட்டு மருந்து விட்ட நர்ஸ் பெண், "கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும், பயப்படாதீங்க சார்" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அன்று அப்பா ஒரு கையால் இடுப்பையும் மறுகையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டு, பம்மலிலிருந்து தாம்பரம் வரைக்கும் நடந்தார்.