ஒரு பாக்கெட் பால் குறைகிறது

நெஞ்சில் மருந்து ஏறிவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். களைக்கு அடிக்கிற மருந்து. இத்தனைக்கும் நான் பம்பைத் தொட்டவனே இல்லை. மருந்தடிப்பவர்களை வேலை வாங்கும் மண்டோர், அதாவது குடைக்குள் நின்று குறை சொல்பவன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பாக்கெட் பால் உண்டு. விஷத்தைப் பால் முறிக்கும் என்று பழைய நம்பிக்கை. ஒரு காலை மலைக்கு ஏறும் லோரி வளைவில் திரும்பியபோது எனக்கு நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்தன. செத்தோம் என்று லோரியிலிருந்த பால் பெட்டியில் ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் குடித்தேன். சாகவில்லை. பாலின் மகிமை!

அதன்பின் பால் இல்லாமல் அந்த வளைவைத் தாண்டியதில்லை. கடையில் வாங்கி வைத்துக்கொள்வேன். மறந்த நாளில் ஆட்களின் பங்கில் கைவைத்தேன்.

"மண்டோரே, என் பாலு எங்க?" என்றார், ஒரு காலை லோரியிலிருந்து பெட்டியை இறக்கி எண்ணிய, கூட்டத்தில் மூத்த அக்கா.

"பூனை குடிச்சிருக்கும் லா."

"பூனைக்கு மீச நரைச்சிருக்கு. தொடைங்க, ஒட்டியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடைக்குள் திரும்பி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டதை அக்கா மட்டும் பார்த்தார்.

இதே அக்கா போன வருடம், புருஷன் செத்த பிறகு, சோறு தூக்கம் இல்லாமல் கிடந்து, தானா ராத்தா டவுன் கிளினிக்கில் மன அழுத்தத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நான்தான் கத்தினேன்: "அக்கா, மனசுக்கு மாத்திரையாமே! எனக்கும் ரெண்டு வாங்கியா, பொண்டாட்டி திட்டுனா போட்டுக்கிறேன்." லயத்துக் குடியிருப்பே சிரித்தது. அக்கா தரையைப் பார்த்தார்.

பால் போன அன்று, ஆட்கள் கலைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"நாளைக்கு கிளினிக்ல எனக்கு முற. கூட வாங்க."

"எனக்கு மருந்து ஏறிடுச்சுக்கா."

"அத டாக்டர் சொல்லட்டும்."

டாக்டர் இதயத்தைச் சோதித்தார். கோளாறு இல்லை, விஷமும் இல்லை, பதற்றம் என்றார். கவுன்சலரிடம் அனுப்பினார். என் மகள் வயதுப் பெண்.

"படபடப்பு வந்தா என்ன செய்வீங்க?"

"பால் குடிப்பேன்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். எழுதிக்கொண்டாள்.

"குடிக்கலன்னா?"

"செத்துருவேன்."

"குடிக்காம இருந்து பாத்திருக்கீங்களா?"

இல்லை. படபடப்பு தானாக ஏறி தானாக இறங்கும், பெயர் மட்டும் பாலுக்கு என்றாள். வாராவாரம் வீட்டுப்பாடம் தந்தாள். முதலில் வளைவில் சும்மா நிற்க வேண்டும். பிறகு நிறுத்திய லோரியில் உட்கார வேண்டும். கடைசியில் பாலைத் தொடாமல் ஏறிப் போக வேண்டும். இரண்டு முறை பாதியில் குதித்து இறங்கினேன். ஒன்றுக்கு அவசரம் என்று ஆட்களிடம் புளுகினேன். இதற்கிடையே மேனேஜர், "லோரில ஏற முடியலன்னா வேற மண்டோர் போடறேன்" என்றுவிட்டார்.

ஏழாவது வாரம் ஏறினேன். பால் பெட்டி மடியில், மூடியபடி. பக்கத்தில் அக்கா. வளைவில் அது வந்தது.

"அக்கா, அன்னைக்குப் பெரட்டுல பேசுனது தப்பு."

"சாகப்போற மாதிரி பேசாதீங்க. வளைவு முடியட்டும்."

கேலியை எல்லோர் காதிலும் விழக் கத்தியவன், மன்னிப்பை லோரி இரைச்சலில் முணுமுணுத்தேன். வளைவு முடிந்தது. சற்று நேரத்தில் படபடப்பும் இறங்கியது.

அன்று மாலை பால் எல்லோருக்கும் சரியாக வந்தது.