தினமும் சென்று வரத் தயார்

எங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம் வெளியே போக வேண்டுமென்றால் அது முதலில் அப்பாவின் டைப்ரைட்டரைத் தாண்ட வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தார் லைசென்ஸ், பாஸ்போர்ட் என்று எந்த விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்தாலும் மலாய் மொழியில் தட்டிக் கொடுப்பார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுவார். போட்டுவிட வேண்டும். படித்துப் பார்க்கிறேன் என்றால் அவரை அவமதித்த மாதிரி.

காட்டுத்தீப் புகைமூட்டம் ஊரையே மூடிய வருஷம் அது. வேலை முடிந்து வீடு திரும்ப ஃபெரியில் ஏறினால் எதிரே பினாங்கு தெரியாது. தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. பேராக் மலைக்காட்டில், பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி கிராமங்களில் ஆறு மாதம் தங்க வேண்டும். மலைநெல் விதைக்க அவர்கள் காட்டைக் கொளுத்தும்போது தீ எல்லை தாண்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர்களிடமே கற்று எழுத வேண்டும். உதவித்தொகை உண்டு. படித்ததும் அதைக் கத்தரித்து அப்பாவிடம் நீட்டினேன். என் படிப்புக்கென்றே ஒரு வேலை வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அப்பா எதிர்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் தட்டினார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். போட்டேன்.

ஈப்போவில் நேர்முகத் தேர்வு. மூன்று அதிகாரிகள். காற்று, ஈரம், சருகு என்று தெரிந்ததைச் சொன்னேன். மற்றதை அந்தக் கிராமத்துக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். நடுவில் இருந்த அம்மையாருக்கு அது பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு பாரத்தைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்று, அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பணியிடத்தில் தங்க முடியுமா என்ற கேள்விக்கு எதிரே, ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டியிருந்தது: 'இயலாது. பினாங்கில் பெற்றோர் இல்லத்திலிருந்து தினமும் சென்று வரத் தயார்.'

தினமும்! ஃபெரி, இரண்டு பஸ், ஆற்றில் படகு, அதற்குப் பிறகு அரைநாள் நடை. எல்லாம் முடித்துச் சாயங்காலம் தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

எழுதியது அப்பா, நான் தங்குவேன் என்று பதறினேன். கையெழுத்து யாருடையது என்று அம்மையார் கேட்டார். என்னுடையது என்றேன். வீட்டில் தட்டியதையே படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரை நம்பி, அடுத்தவர் சொல்வதைக் கேட்டு எழுதும் வேலையை எப்படிக் கொடுப்பது என்று மிக மரியாதையாகக் கேட்டார். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா டைப்ரைட்டரைத் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார். "ஒன்னைக் காட்டுல தங்க நான் விடப்போறதில்ல. அப்புறம் தங்குவேன்னு எழுதினா பொய்தானே? கவர்மெண்டு பாரத்துல பொய் எழுதக் கூடாதும்மா."

இந்த மனுஷரை என்ன செய்வது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். நீ கேட்கவில்லையே என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை, அது இன்னும் எரிச்சல்.

அடுத்த முறை என் கையாலேயே எழுதி நானே தபாலில் போடுவது என்று வைராக்கியமாக இருந்தேன். தினமும் பேப்பரைத் துழாவினேன். மழை வந்தது, புகை போனது, விளம்பரம் மட்டும் வரவில்லை. பொறுக்க முடியாமல் லீவு போட்டு ஈப்போவுக்கே போய்க் கேட்டேன். புகை இருந்தபோது இருந்த திட்டம், இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா தலையை நிமிர்த்தி, "நான் அப்பவே நெனச்சேன்லா, பெர்மனெண்ட் வேல இல்ல அது," என்றார். குத்திக்காட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். தப்பாகச் சொல்லியிருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.