ஓஸ்வால்டின் வலது தோள்

என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டுக்கு வாய் சும்மா இருக்காது. விவேக் நகரில் மிக்ஸி ரிப்பேர் கடை. "இதுல என்ன அரைச்சீங்க? ஏன் அத்தனை போட்டீங்க?" என்று கேட்டுக் கேட்டே பாதிப் பேரை விரட்டிவிடுவார். "கொஞ்சம் வாய மூடுங்க" என்று நான் தினமும் கத்துவேன்.

போன வருடம் கண் மஞ்சளாகியது. பித்தக் குழாயில் கல். "மாதா சப்பரம் தூக்கிட்டுதான் அட்மிட் ஆவேன்" என்று அடம் பிடித்தார் இந்த மனுஷன். திருவிழாவில் தூக்கினார், மறுநாள் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுப்பார்களாம். என்ன ஆபத்து வரும் என்று டாக்டரம்மாவைக் குடைந்தார். கணையம் வீங்கலாம், ரத்தம் கசியலாம் என்ற அவர், "ரொம்ப அபூர்வமா, உள்ள விடற கம்பி ஈரல்ல குத்திடலாம். நான் இன்னும் பாத்ததில்ல" என்றார். "குத்தினா எப்படித் தெரியும்?" என்று இவர் ஆரம்பிப்பதற்குள் வீல்சேர் வந்துவிட்டது.

கல் வந்துவிட்டது. அடுத்த நாள் காலை, வலது தோள் வலிக்கிறது என்றார். என் தம்பி கிளெமென்ட் சிரித்தான்.

"சப்பர பாரம் மாமா. எனக்கும்தான் வலிக்குது."

நர்ஸிடமும் அதையே சொல்லி அனுப்பிவிட்டு, தைலம் தேய்க்க அவருடைய கவுனை விலக்கினான். கட்டை அழுத்திய சிவப்புத் தடம் இடது தோளில் இருந்தது. இவர் எப்போதும் சப்பரத்துக்கு வலப்பக்கம் நிற்பவர், கட்டை இடது தோளில்தான் உட்காரும்.

"டேய், தேய்க்காத! மாமா எந்தத் தோள்ல தூக்கினாரு?"

கிளெமென்ட் கையை எடுத்துக்கொண்டான். இவரோ ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் கேள்வி கேட்காமல் இருக்கிறாரே! ஓடிப்போய் நர்ஸை இழுத்து வந்தேன். "ஏனாய்த்தம்மா?" என்று, என்ன ஆச்சென்று கன்னடத்தில் கேட்டபடி வந்தவள் பி.பி. பார்த்ததும் டாக்டருக்குப் போன் போட்டாள்.

ஸ்கேனில் தெரிந்தது. ஈரலை மூடியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. தொடை ரத்தக் குழாய் வழியாகப் போய்க் கசிவை அடைத்தார்கள். ஐ.சி.யூ.வில் பேச்சில்லாமல் கிடந்தார். மாதாவே, இந்த வாயைத் திறந்துவிடு என்று அழுதேன்.

ஒருவழியாகக் கண் திறந்தார். நடந்ததை டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இவர் உதடு மெல்ல அசைந்தது.

"ஈரல்ல குத்தினா தோள் ஏன் மேடம் வலிக்குது?"

"ஈரலுக்கு மேல இருக்கிற நரம்பும் தோள் நரம்பும் கழுத்துல ஒரே இடத்துக்கு வருது."

"ஏன் அப்படி வருது?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் இவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"கேளுங்க," என்றேன். "இன்னும் கேளுங்க."